அக்குளில் வைத்த ரொட்டி

வெளிநாடு போய் வந்தவர்கள் கட்டடங்களைப் பற்றிப் பேசுவார்கள். என் சித்தப்பா ரொட்டியைப் பற்றிப் பேசினார். பேசி, வசமாக மாட்டிக்கொண்டார்.

ஆடி மாதம். ஜவ்வாது மலையில் ஆடிக்காற்றுக்குக் கைகால் உண்டு. சாமைப் பயிரைப் படுக்கப் போட்டுத் தடவும், கூரைப்புல்லைப் பிடுங்கும், என் பாவாடையைப் பிடித்து இழுத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் ஓடும். அந்தக் காற்றில், ஊர் எல்லைப் புளியமரத்தடியில், தோளுக்குப் பெரியதான ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு சித்தப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே, ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்கவுண்டர். சுற்றிலும் ஊர். நான் முன்வரிசையில், மடியில் ஒரு சொம்புத் தண்ணீரோடு.

முந்தைய வருஷத் திருவிழாவுக்கு ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி சித்தப்பாவின் மேளத்தைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுபோனார். அவர் ஏற்பாட்டில்தான், மலைக்குக் கீழே, சமவெளி ஆட்டக்காரர்களோடு சேர்ந்து சித்தப்பா பிரான்ஸுக்குப் போனார். திருப்பத்தூரைத் தாண்டாத மனிதர் கடலைத் தாண்டினார். போகும்போது சித்தி கேழ்வரகை வறுத்து அரைத்து ஒரு மூட்டை மாவு கட்டிக் கொடுத்தாள். மலையைவிட்டு வெளியே போகிறவர்கள் சொந்த மாவைத்தான் தின்ன வேண்டும். உறவில்லாத கையால் தின்றால் அம்மனுக்கு ஆகாது. திரும்பி வருகிறவர் எல்லையில் உட்கார்ந்து, கண்டதையும் தின்றதையும் ஊருக்குச் சொல்லிய பிறகுதான் வீட்டுத் தண்ணீர். தப்பு என்று தீர்ந்தால் ஒரு வருஷத்துக்குக் கோயில் மேளத்தைத் தொடக்கூடாது.

வெள்ளிக்கிழமை திருவிழா. மேளம் எங்கள் குடும்பத்துக் கைக்கு உரியது; குடும்பத்தில் அடிக்கத் தெரிந்தது சித்தப்பாவுக்கு மட்டும்தான். அந்தக் கை விலக்கப்பட்டால் ஊரே ஊமையாகத்தான் பொங்கல் வைக்க வேண்டும்.

சித்தி என்னிடம் சொம்பைக் கொடுத்துச் சொல்லியிருந்தாள்: "கவுண்டரு சரின்னதும் நீ ஒரு மடக்கு குடிச்சிட்டுக் குடு." யாருக்கு எதைக் கொடுத்தாலும் கொடுக்கிறவர் முதல் வாய் தின்றோ குடித்தோ காட்டிவிட்டுக் கொடுப்பதுதான் எங்கள் மலையின் முறை. இதில் நஞ்சில்லை, நான் உன் ஆள் என்று அதற்கு அர்த்தம்.

"ஆரம்பிடா மாப்ள. இன்னா பாத்த?" என்றார் கவுண்டர்.

சித்தப்பாவுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் பயம் வராது, தெம்பு வரும். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அங்க சூரியனுக்கு வூட்டுக்குப் போற நெனப்பே கெடையாது மாமா. ராச்சோறு துன்னுட்டு எல்லாரும் படுக்கப் போறாங்க, அது பாட்டுக்குக் காயுது. கோயில்ல மணி அடிக்குது. ஒருத்தராவது கும்புடணுமே? கைக்கடியாரத்தப் பாக்குறாங்க."

கூட்டம் சிரித்தது.

"நாயக் கயித்துல கட்டிக் கடைக்குள்ள கூட்டினு போறாங்க. கடைக்காரன் நாய்க்கும் வணக்கம் சொல்றான். ஆனா பக்கத்து வூட்டுக்காரனுக்கு வணக்கம் சொன்னா அவன் பின்னாடி திரும்பி, யாருக்குச் சொல்றான்னு பாக்குறான். பொம்பளைங்க தலையில ஒரு பொருள் வைக்கிறதில்ல. நான் மேளத்தத் தலையில வச்சினு நடந்தேன். தெருவுல இருந்த புள்ளைங்க பூரா என் பின்னாடி."

"மாடு?" என்றார் ஒருவர்.

"மாடு கீது. வெள்ள மாடு. குந்தித் துன்னுது. ரோட்டுல ஒரு சாணி பாக்க முடியாது. நம்ம மாடுங்கள அங்க உட்டா வெக்கப்பட்டே செத்துடும்."

எனக்கு அந்த ஊர் கண்முன்னே எழுந்து நின்றது. சாணியில்லாத தெரு, உறங்கப் போகாத சூரியன், மரியாதை பெற்ற நாய்கள். சொம்பு மடியில் சாய்ந்து பாவாடை நனைந்ததுகூடத் தெரியவில்லை.

"ரொட்டி இருக்குது பாருங்க, இத்தினி நீளம்." சித்தப்பா கையை விரித்துக் காட்டினார். "வெறகு மாதிரி. அத மூடறதில்ல, கட்டறதில்ல. அக்குள்ல கவ்விக்கினு நடக்கிறாங்க. ஆம்பள, பொம்பள, துரை, அம்மா அல்லாரும்."

ஊர்க்கவுண்டரின் மனைவியை நாங்கள் எல்லோரும் அத்தை என்போம். மலையிலேயே நீளமான நாக்கு அவளுடையது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அய்ய! வேர்வையில ஊறுனதயா துன்றாங்க?"

"அங்க வெயில் காஞ்சாலும் குளிரு அத்த, வேர்வை ஏது. மேல கட்ட மாதிரி இருக்கும், உள்ளாற பஞ்சு. என்னா ஒண்ணு, உப்புதான் கொறச்சல்."

சிரிப்பு பாதியில் நின்றது. 

"உப்பு கொறச்சல்னு உனக்கு எப்பிடிடா தெரியும்?" என்றாள் அத்தை, மெதுவாக.

சித்தப்பாவின் விரித்த கை அப்படியே நின்றது. மரத்துக்குப் பின்னாலிருந்த சித்தி புடவை முனையைக் கடித்துக்கொண்டாள். என் அப்பா தரையில் எதையோ தொலைத்தவர்போலத் தேடினார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "மாவு மூட்ட இன்னா ஆச்சு?" என்றது.

"பூசணம் புடிச்சிடுச்சி" என்றார் சித்தப்பா. பொய் சொல்லத் தெரியாத முகம். மேளக்காரர்களுக்குக் கையில்தான் சாமர்த்தியம்.

கவுண்டர் வெற்றிலையை ஓரம் ஒதுக்கினார்.

"யார் கையால துன்ன?"

"ஒரு கெழவி மாமா. நாங்க தங்குன எடத்துக்கு எதிர்ல ஒரு பெஞ்சு. தெனம் வந்து தனியா குந்துவா. புருசன் இல்ல, புள்ளைங்க எட்டிப் பாக்கறதில்லபோல. நான் தனியா குந்தினு இருந்தத ஒரு நாளு பாத்தா. ரொட்டிய ஒடச்சா. குடுத்தா. பசி மாமா. வாங்கிட்டேன்."

அவ்வளவுதான், மேளம் போயிற்று என்று எனக்கே தெரிந்தது. சொம்பை இறுக்கிப் பிடித்தேன். இந்தத் தண்ணீரை வீட்டுக்கே திருப்பி எடுத்துப் போக வேண்டும்போல.  வெள்ளிக்கிழமை எங்கள் தலைக்குமேல் ஊமையாக நின்றது.

கவுண்டர் முன்னால் குனிந்தார். குரலைக் கெட்டிப்படுத்திக்கொண்டு கேட்டார்:

"நல்லா நெனச்சிச் சொல்லுடா. ரொட்டிய ஒடச்சாளே, உனக்குக் குடுக்கறதுக்கு முந்தி அவ மொதல்ல ஒரு வாய் துன்னாளா?"

கேட்கும்போதே அவர் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. மிக மெல்ல, தூங்குகிற குழந்தையின் தூளியைப்போல. சித்தப்பா அந்தத் தலையையே பார்த்தார். ஒரு நொடி, இரண்டு நொடி.

"ஆமா மாமா" என்றார். "அவதான் மொதல்ல கடிச்சா."

"கேட்டுக்கினீங்களா?" கவுண்டர் நிமிர்ந்து ஊரைப் பார்த்தார். "துன்னுட்டுக் குடுத்திருக்கிறா. நம்ம மொறை தெரிஞ்சவ. உனக்கு அக்கா மொறடா அவ. அக்கா கையில துன்னா தப்பு இன்னா இருக்குது?"

"அக்காவா?" அத்தை கன்னத்தில் கைவைத்தாள். "அப்ப எனக்கு மருமவளா? அந்த வெள்ளைக்காரி வந்தா எனக்குக் களி கிண்டுவாளா?"

"கிண்டுவா அத்த, உப்புதான் கொறச்சலா இருக்கும்" என்றார் சித்தப்பா. ஆடிக்காற்றைவிடப் பெரிதாக ஊர் சிரித்தது.

நான் ஒரு மடக்குக் குடித்தேன். பாவாடையில் சிந்தியது போக மீதியைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, கண்ணை மூடி, மலையையே குடிப்பதுபோலக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை மேளம் அதிர்ந்தது. உறவு என்று சொல்லிவிட்டால் பங்கும் உண்டு என்பதால், சாமைப் பொங்கலில் ஒரு கை அள்ளித் தனி இலையில் பிரான்ஸ்காரிக்கு வைத்தார்கள். காகத்துக்கு முந்தி அது போய்ச் சேர வேண்டுமே என்று எனக்குக் கவலை. பள்ளிக்கூடத்தில், "எனக்கு பிரான்ஸ்ல ஒரு அத்த கீது" என்று சொல்லி, நம்பாத ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்தேன்.

பொங்கல் சாப்பிடும்போது கவுண்டருக்கு நேரெதிரே எனக்கு இடம் கிடைத்தது. வாய் மென்றது, கை அசைந்தது, தலை மட்டும் பாறைபோல நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தும் ஒருமுறைகூட ஆடவில்லை. வயசானால் தலை ஆடும் என்று புளியமரத்தடியில் நான் நினைத்திருந்தேன். நாலு நாளில் அவருக்கு அது எப்படிச் சரியாயிற்று என்று சித்தியிடம் கேட்டேன்.

"அம்மன் புண்ணியம்" என்றாள் சித்தி, சிரிக்காமல். நானும் கோயில் பக்கம் திரும்பி, ஒரு கும்பிடு போட்டேன்.