அண்ணியின் அட்டைப்பெட்டி வீடு

எங்க அண்ணிக்கு ஃபேக்டரியில வச்ச பேரு தூங்குமூஞ்சி. அடப்பாவிங்களா, அவங்க அசந்து உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்ல!

அந்த ஃபேக்டரியில வீட்டுச் சுவரையே செய்யிறாங்க. தரையோட தரையா இருக்கிற இரும்புத் தட்டுல அச்சைக் கட்டி, உள்ள கம்பி, ஜன்னல் சட்டம், ஒயர் போக குழாய் எல்லாம் வச்சு, கான்கிரீட்டை ஊத்துவாங்க. இறுகினதும் தூக்கி நிறுத்தி லாரியில ஏத்திடுவாங்க. அண்ணிக்கு அச்சு கட்டுற வேலை. சுவரோட வெளிப்பக்கம் கீழ கவிழ்ந்து கிடக்கிறதால இடது வலதா மாறிடும். சேர்ந்த புதுசுல அது மண்டையில ஏறாம ஒரு ஜன்னலையே தப்பான பக்கம் வச்சுட்டாங்க. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு அச்சுக்குப் பக்கத்துலயும் மல்லாந்து படுத்து, சுவரு நிமிர்ந்தா எப்படி நிக்கும்னு மனசுல பார்த்துட்டுத்தான் கான்கிரீட் ஊத்த விடுவாங்க. பேரு வந்த கதை அதுதான்.

எங்க அண்ணன் கொத்தனார். செங்கல்னா உயிரு. பொண்டாட்டி செய்யிற சுவரை அட்டைப்பெட்டின்னுதான் சொல்லுவான். அதனால சொந்தமா மனை வாங்கினதும் வீடு ரணகளமாயிடுச்சு. ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, உப்பு வேணுமான்னு கேக்கக்கூட என்னைத் தூது விட்டாங்க. கடைசியில அண்ணன் இறங்கி வந்தான். அஸ்திவாரம் அவன் போடுவான், சுவரு ஃபேக்டரியிலேர்ந்து வரட்டும். ஆனா ஒரே ஒரு சுவரு உட்காரலைன்னாலும் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டு, செங்கல் வச்சுத்தான் கட்டணும்.

அண்ணி சரின்னுட்டாங்க. எனக்குத்தான் பயம். வாடகை வீட்டு இருட்டுச் சமையலறையில காலம் தள்ளிக்கிட்டே, ஊருக்கெல்லாம் சுவரு செஞ்சவங்க அவங்க. இந்த ஒரு வீட்டை எத்தனை வருஷமா நினைச்சு நினைச்சு வச்சிருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்.

கிரேன் வந்த அன்னைக்குத் தெருவே கூடிடுச்சு. அஸ்திவாரத்துலேர்ந்து அண்ணன் நட்ட கம்பிங்க நீட்டிக்கிட்டு நிக்குது. சுவரோட அடியில அதுக்கு நேரா துளை. முதல் சுவரு அந்தரத்துல ஆடி ஆடி வந்து, கம்பி துளைக்குள்ள போக, அலுங்காம உட்கார்ந்துச்சு. நான் குதிச்ச குதியில செருப்பு அறுந்துபோச்சு. அடுத்தது, அதுக்கடுத்தது. காலையில வெறும் மேடையா இருந்த இடத்துல மத்தியானம் கூடம் நிக்குது, ரூம் நிக்குது! அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

கடைசியா சமையலறைச் சுவரு. பெரிய ஜன்னல் வச்சு அண்ணி ஆசை ஆசையா செஞ்சது. பாதி இறங்கி அப்படியே நின்னுடுச்சு. தூக்கி மறுபடி இறக்கினாலும் அதே கதைதான். அளவு தப்புன்னு அண்ணனோட ஆளுங்க முணுமுணுத்தாங்க. எனக்கு உசிரே போச்சு.

அண்ணி சுவரை மேல தூக்கி ஒதுக்கச் சொன்னாங்க. அப்புறம் புதுப் புடவையோட மேடை ஓரத்துச் சேத்துல மல்லாந்து படுத்துட்டாங்க. தலையைத் திருப்பி, கம்பி வரிசையையே பார்த்தாங்க. எந்திரிச்சு அண்ணன் முகத்தைப் பார்த்தாங்க. வாயைத் திறங்க அண்ணின்னு எனக்குக் கத்தணும்போல இருந்துச்சு.

அண்ணனும் குனிஞ்சு பார்த்தான். சும்மா இருந்திருந்தா அவன் கேட்ட செங்கல் வீடு கையில வந்திருக்கும். ஆனா அவன் ஒரு இரும்புக் குழாயை எடுத்து ஓரத்துக் கம்பியில மாட்டி, முழு பலத்தையும் போட்டு நெம்பினான். அப்புறம் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னான்:

"சுவரு சரியாத்தான் இருக்கு. என் கம்பிதான் சாஞ்சிருக்கு. மணல் லாரி இடிச்சப்பவே பார்த்தேன், நிமிர்த்த மறந்துட்டேன்."

அவன் என் அண்ணன்னு எனக்கு அப்படி ஒரு பெருமை! சுவரு மறுபடி இறங்குச்சு, ஜம்முன்னு உட்கார்ந்துச்சு.

முட்டு கொடுத்து முடிச்சதுதான் தாமதம், முதுகெல்லாம் சேறோட அண்ணி உள்ள ஓடினாங்க. ஜன்னல் வழியா வந்த வெயில்ல நின்னு, சிரிப்பும் அழுகையுமா கண்ணைத் துடைச்சாங்க. கதவு இன்னும் மாட்டாத வாசல்ல அண்ணன் தயங்கி நின்னு, உள்ள வரலாமான்னு கேட்டான்.

"அட்டைப்பெட்டிங்க, பார்த்து வாங்க"ன்னாங்க அண்ணி.