அண்டாவில் ஏறிய பீகாக் பாஸ்

அனுமந்தை ஊர் ஆரோக்கியசெல்வி குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட்ஹவுஸைப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்துவந்தார். அதை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர், விரல் நீள மீன் ஒன்றைத் தண்ணீர்ப் பையோடு அவர் கையில் கொடுத்தார். பீகாக் பாஸ், தென் அமெரிக்க ஆற்று மீன், வளர்ந்தால் வாலில் மயில்கண் போலப் பொட்டு வரும் என்றார். ஏரி குளத்தில் மட்டும் விட்டுவிடாதே, மற்ற மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்றும் சொன்னார்.

செல்வி உப்பளத்து வேலைக்குப் போனார். மீன் வளர்ந்து, குளிக்கிற சிமெண்ட் தொட்டியைப் பிடித்துக்கொண்டது. குடும்பம் பக்கத்து வீட்டில் குளித்தது. செத்த மீனை அது தொடாது. அதனால் கடலிலிருந்து கூடை கூடையாக மீன் கொண்டுவரும் அவர் கணவர் கஸ்பார், கரையேறிய கையோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போய் உயிருள்ள ஜிலேபி மீன்குஞ்சு பிடித்து வரவேண்டியிருந்தது. ஊரே சிரித்தது. குழம்பு வைத்துவிடலாம் என்று அவர் சொல்லாத நாளில்லை.

"நான் வேலை முடிஞ்சு வந்தா கிட்ட வந்து பாக்குறது இந்த வீட்ல இது ஒண்ணுதான்," என்றார் செல்வி. கஸ்பார் தூண்டிலை எடுத்துக்கொண்டு குளத்துக்குக் கிளம்பினார்.

போன புயலில் தெருவுக்குள் வெள்ளம் புகுந்தது. மீட்க வந்த படகில் செல்வி ஏற மறுத்தார். தொட்டி மூழ்கினால் மீன் வெள்ளத்தோடு ஏரிக்குப் போய்விடும், அங்கே ஒரு மீனும் மிஞ்சாது என்றார். கஸ்பார் திட்டிக்கொண்டே கோயில் திருவிழாவுக்குச் சமைக்கும் அண்டாவைத் தூக்கி வந்தார். மீன் அதில் ஏறியது. செல்வி படகில் ஏறினார்.

பள்ளிக்கூட முகாமில் சமையல்காரர் பக்தவச்சலம் அண்டாவைக் கேட்டார். அங்கே பெரிய பாத்திரம் வேறு இல்லை.

"இத்தினி பேருக்குச் சோறாக்கணும். மீனைக் குழம்புல போட்டா அதுவும் ஆச்சு," என்றார்.

எல்லோரும் கஸ்பாரைப் பார்த்தார்கள்.

"அது பழகின மீனுங்க," என்றார் கஸ்பார். "நாங்க பன்னு தின்னுக்குறோம்."

முகாமே முணுமுணுத்துக்கொண்டு பன் தின்றது. சாப்பிட்ட பிறகு, ஆழ்கடலுக்குப் போகிற ஆண்கள் லுங்கியை விரித்துப் பள்ளி மைதானத்து வெள்ளத்தில் அண்டா மீனுக்குக் குஞ்சு பிடித்தார்கள். யார் பிடித்ததை அது முதலில் தின்றது என்று சண்டைகூட வந்தது.

வெள்ளம் வடிந்ததும் கஸ்பார் முதல் வேலையாகப் பெரிய தொட்டி கட்டினார். வெள்ளம் அடித்துப்போன வாசல் கதவுக்குப் பதிலாக இன்னும் படுதாதான் தொங்குகிறது.