மன்னிப்பது அவள் பாடு

பென்னாகரம் காவல் நிலைய பெஞ்சில் ஒரு கன்னியாஸ்திரி அவித்த நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறச் சேலை, மரச்சிலுவை, தேய்ந்த ரப்பர் செருப்பு. பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் கையில் கொஞ்சம் கடலை, பேச்சு அப்புறம்தான். என் தங்கையும் வாங்கிக்கொண்டாள். புருஷன் அடித்ததில் அவள் கன்னம் வீங்கியிருந்தது.

காவலர் புகாரை எழுதவில்லை. “குடும்ப விஷயம், சமாதானமாப் போம்மா. ஏன் சிஸ்டர், உங்க ஏசுவே மன்னிக்கத்தான சொல்லியிருக்காரு?”

“மன்னிக்கறது அந்தப் புள்ள பாடுங்க சார். அடிச்சவனக் கூப்புட்டுக் கேக்கறது உங்க பாடு. ரெண்டையும் அவ தலையிலயே கட்டாதீங்க.”

காவலர் பேனாவைத் திறந்தார். எழுதி முடிக்கும்வரை சிஸ்டர் இடத்தைவிட்டு எழவில்லை.

பஸ்ஸில் தங்கை சொன்னாள்: “மன்னிக்கறத மெதுவாப் பாத்துக்கலாண்ணா.” வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள். சர்ச் வாசலை மிதித்திராத நான், அந்தச் சிரிப்புக்காக அவரை இன்றும் நினைத்துக் கும்பிடுகிறேன்.