ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி

பதினேழு வயதில் அவள் கால்பந்து அணியின் முன்வரிசை ஆட்டக்காரி. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த ஓசை கேட்டதென்று அவள் துடித்தபோது, அணியின் மருத்துவர் பனிக்கட்டிப் பையொன்றை வைத்து, "நடிக்காதம்மா, எழுந்து ஓடு" என்றார். எதற்கும் அதையே வைப்பதால் ஐஸ் டாக்டர் என்பது அவருடைய பட்டப்பெயர். அவள் ஓடினாள். மூன்றாம் வாரம் முழங்கால் ஒரேயடியாக நிலைகுலைந்தது. ஆட்டமும் அத்தோடு போயிற்று.

வஞ்சினம் கொண்டே மருத்துவக் கல்லூரியில் நுழைந்தாள். ஐந்தரை ஆண்டுகள் பொது மருத்துவம். மூன்றாண்டுகள் எலும்பு அறுவை. இது தச்சுவேலை, உனக்கு ஊசியும் நூலும் போதாதா என்று துறைத்தலைவர் கேலி பேசினார். அவள் சுத்தியலை வாங்கிக்கொண்டாள். பின்னர் விளையாட்டுக் காயங்களுக்கெனத் தனியே ஓராண்டு. கறிக்கடையில் வாங்கிய ஆட்டு முழங்கால்களில் துளையிட்டு, நுண்கேமராவைச் செலுத்தி, திரையைப் பார்த்தே கைபழகினாள். விடுதித் தோழியர் ஆட்டுக்கால் என்றழைத்தனர். அழைத்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள்.

காயம்பட்ட இருபத்திரண்டாம் ஆண்டில் ஐஸ் டாக்டரின் முகமே அவள் அறைக்குள் வந்தது. உடன் ஊன்றுகோலுடன் அவருடைய மகள். அவளும் ஆட்டக்காரி, அவளுக்கும் பதினேழு. அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. இவள் பெண்ணின் முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பற்றி, மறுகையால் கீழ்க்காலை இழுத்தாள். தடையின்றி முன்னே வந்தது. ஸ்கேன் படமும் அதையே சொன்னது: தசைநார் அறுந்து ஆறு வாரம், அறுந்த காலோடு ஆடியதில் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது.

ஆட விட்டது யார் என்று கேட்டாள். பெண் தந்தையைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

அறுவைக்கான ஒப்புதல் படிவத்தை அவர்முன் வைத்தாள். நோய் விவரத்துக்குரிய இடம் வெறுமையாக இருந்தது.

"நீங்களே எழுதிடுங்க டாக்டரம்மா."

"நீங்களும் டாக்டர்தானே சார். எப்போ அறுந்துச்சு, யார் பார்த்தாங்க, என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. எழுதினதைப் பொண்ணுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

எழுதாவிட்டால் அறுவை நடக்காதோ என்றார். கட்டாயம் நடக்கும், ஆனால் அவர் எழுத மறுத்த கதையைத் தானே மகளுக்கு விளக்கிச் சொல்வதாகக் கூறினாள்.

"என் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"பதினேழு வயசுல என் முழங்காலுக்கும் ஐஸ் வெச்சு ஓட விட்டீங்க சார்."

அவர் பேனாவை எடுத்தார். பின் எழுதினார், வாசித்தார். மகள் நடிப்பதாக எண்ணி ஆட அனுப்பினேன் என்ற வரியோடு முடித்தார். மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மறுபடி எப்போது ஆடலாம் என்று இவளிடம் கேட்டாள்.

"ஒன்பது மாசமாகும். அதுவரைக்கும் தினமும் அப்பா கையைப் பிடிச்சுதான் நடக்கணும்."

ஒன்பது மாதமும் நாள் தவறாமல் அவர், தான் கெடுத்த அந்தக் காலைக் காண்பார். அவர்மேல் இரக்கம் வருகிறதா என்று அவள் தன் நெஞ்சைத் துழாவிப் பார்த்தாள். வரவில்லை. அடுத்த நோயாளியை அழைக்கச் சொன்னாள்.