எங்கள் மாடி வழியாக வராத விமானம்

சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு வருகிற விமானம் எதுவாக இருந்தாலும், செகந்திராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே வந்து ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நான் பொறியியல் படித்தவன். சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை பார்த்தது. அவர்களிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. விமான நிலையம் பேகம்பேட்டையில் இருந்த காலத்தில், இறங்குகிற விமானங்கள் எங்கள் தண்ணீர்த் தொட்டியை உரசுவது போலத்தான் போகும். சத்தம் வந்ததும் தெருவே பேச்சை நிறுத்தும். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். என் மனைவி என்னைத் திட்டுவதும் அப்படியே. யாராவது விமானத்தில் வருகிறார்கள் என்றால் மாடியில் போய் நிற்போம். தலைக்கு மேல் சத்தம் கேட்டதும் ஸ்கூட்டரை உதைத்தால், அவர்கள் பெட்டியோடு வெளியே வரவும் நாம் போய் நிற்கவும் சரியாக இருக்கும். நேர அட்டவணையை நம்பியவர்கள் அங்கே கால் கடுக்க நின்றார்கள். நாங்கள் காதை நம்பினோம்.

இரண்டாயிரத்து எட்டில் விமான நிலையம் தெற்கே ஷம்ஷாபாத்துக்குப் போயிற்று. அது போய்க் கொஞ்ச நாளிலேயே என் மாமனார் வருவதாக முடிவாயிற்று.

மாமியார் காலமான பிறகு அவர் திருநெல்வேலியில் தனியாக இருந்தார். எங்களோடு வந்து இருந்துவிடுங்கள் என்று என் மனைவி ஃபோனில் கெஞ்சாத நாள் இல்லை. "வந்து பாக்கேன். சரிப்படலன்னா மறுவாரமே ரயிலேறிருவேன்" என்று கடைசியில் இறங்கி வந்தார். முதல் விமானப் பயணம். தெலுங்கு ஒரு சொல் வராது. மனைவி எனக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்.

"வெளிய வந்ததும் அப்பா கண்ணுல மொதல்ல நீங்க படணும். அவங்க அங்க தனியா முழிச்சிக்கிட்டு நின்னாங்கன்னா, இந்த ஊரு நமக்கு ஆகாதுன்னு முடிவு கட்டிருவாங்க. அப்புறம் பிரம்மா வந்து கூப்பிட்டாலும் வர மாட்டாங்க."

அவர் வரும் சனிக்கிழமை மதியம் அவள் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். வாடகைக் காரை வாசலில் நிறுத்திவிட்டு நான் மாடியில் நின்றேன். பஸ் ரூட்டை நீட்டுவது போலத்தான் விமானத்துக்கும் என்பது என் கணக்கு. வழக்கம்போல எங்கள் மாடி வழியாக வரும், பேகம்பேட்டையில் நிற்காமல் ஷம்ஷாபாத் வரை போகும். பெட்டி கைக்கு வர எப்படியும் நேரமாகும். புது விமான நிலையத்துக்கு அரை மணி நேரம்தான் என்று ஆபீசில் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் குடியிருந்தது ராஜேந்திரநகரில், அதாவது அதன் பக்கத்திலேயே, என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கீழேயிருந்து டிரைவர் ஹைதராபாத் இந்தியில் கத்தினார். "சாப், கைக்கு லேட் கர்ரே?"

"நக்கோ பாய், பிளேன் இன்னும் வரலை" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார்.

இறங்க வேண்டிய நேரம் கடந்தது. வானத்தில் பருந்து ஒன்றைத் தவிர யாரும் இல்லை. மாமனார் மொபைல் அணைந்திருந்தது. சென்னையில் அவரை விமானம் ஏற்றிவிட்ட மச்சினனைக் கூப்பிட்டேன். "கரெக்டா கெளம்பிட்டே அத்தான்!" என்றான். கிளம்பியிருக்கிறது, வரவில்லை. அப்படியென்றால் எங்கே?

பக்கத்து மாடியில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் துணி எடுத்துக்கொண்டிருந்தார். காஞ்சன்பாக்கில் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் ரேடார் சம்பந்தமாக ஏதோ வேலை. என்ன வேலை என்று மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்.

"என்ன சார், பட்டமா விடுறீங்க?"

"சென்னை பிளேனைக் காணோம் சார்! மாமனார் அதுலதான் இருக்கார்."

"காணோம்னா?"

"நம்ம மேல வரவே இல்லையே!"

அவர் எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டார். "அது எதுக்கு சார் நம்ம மேல வரணும்? திரையில பார்த்து, உயரம் வேகமெல்லாம் சொல்லி, ஓடுபாதைக்கு நேரா வரிசை கட்டித்தான் இறக்குவாங்க. ஓடுபாதை இங்க இருந்துச்சு, நம்ம வீடு அந்த வரிசைக்குக் கீழ இருந்துச்சு. இப்ப அது அங்க. டவர்ல இருக்கறவன் உங்க மாமனார்னு பார்த்து நம்ம தெருவைச் சுத்தி அனுப்புவானா?"

"அப்போ..."

"எப்பவோ இறங்கியிருக்கும். நிலையம் மாறினதுக்கு அப்புறம் இந்தப் பக்கம் ஒரு சென்னை பிளேனாவது கேட்டுச்சா உங்களுக்கு?"

கேட்கவில்லை. கொஞ்ச நாளாக மனைவி இடைவேளையே விடாமல் திட்டுவதை மட்டும் கவனித்திருந்தேன். காரணத்தை யோசிக்கவில்லை.

படியில் நான் இறங்கிய வேகத்துக்கு விமானமே வெட்கப்பட்டிருக்கும். மெஹ்திப்பட்டணம் தாண்டியதும் கார் நகர மறுத்தது. வரப்போகிற மேம்பாலத்தின் தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. பாலம் இன்னும் வரவில்லை. என் மனதில் மாமனார் கண்ணாடிக் கதவருகே பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அடுத்த தூணைத் தாண்டும்போது எழுந்து நின்றார். அதற்கடுத்த தூணில் திருநெல்வேலிக்கு ரயிலேறிவிட்டார்.

"பரேஷான் நக்கோ சாப்" என்றார் டிரைவர், கவலை வேண்டாம் என்று. பெரியவர் எங்கே போய்விடப் போகிறார் என்று ஆறுதலும் சொன்னார். அவர் போகக்கூடிய இடம் எனக்குத் தெரியும், அதுதான் பரேஷான்.

ஷம்ஷாபாத்தில், பத்துக் கல்யாண மண்டபங்களை உள்ளே வைக்கலாம் போன்ற அந்தக் கட்டடத்தின் வாசலில், வெள்ளை வேட்டி எங்கே தெரிந்தாலும் "மாமா!" என்று ஓடினேன். ஒருவர் ஏதோ கட்சிக்காரர். மாலை போட வந்தவன் என்று நினைத்துக் கழுத்தை நீட்டினார். விசாரணைக் கவுண்டரில் இருந்த பெண், சென்னைப் பயணிகள் எல்லோரும் போய் வெகுநேரம் ஆயிற்று என்று புன்னகையோடு சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அப்போது மனைவியின் ஃபோன்.

"எங்க இருக்கீங்க?"

"ஏர்போர்ட்லதான்... நீ பதறாத... அப்பா வந்து..."

"வந்து சொதி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் காப்பி டம்ளரோடு என் நாற்காலியில் இருந்தார். "வாங்க மாப்ள. ஒங்களத்தான் காணும்னு தேடிக்கிட்டிருக்கோம்."

"ஃபோன் ஏன் மாமா ஆஃப்ல இருந்துச்சு?"

"பிளேன்ல அணைக்கச் சொன்னாங்க. திரும்பப் போடணும்னு யாரும் சொல்லலியே."

"எப்படி வந்தீங்க?"

"வெளிய வந்தா பஸ் நிக்கி. செகந்திராபாத்துன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு, ஏறி உக்காந்தேன். எறங்கி ஆட்டோ. இத்தன வருசமா பொரிவிளங்கா உருண்டை பார்சல் அனுப்புறேன், வெலாசம் தெரியாதா எனக்கு?" டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க போறதுன்னாலும் ஒங்க கையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமோன்னுதான் மாப்ள இத்தன நாளா யோசிச்சேன். அது வேண்டாம் போலிருக்கே."

மனைவி என்னைப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள், பிறகு அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவரப் போனாள்.

விமானம் சரியான நேரத்துக்கே இறங்கியிருந்தது. மாமனார் என்னைத் தேடினார், காணவில்லை, பஸ் ஏறினார். அடுத்த மாதம் அவருடைய மீதிப் பெட்டிகள் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தன.