சூசை அண்ணை வீட்டில் முதலில் எழும்பியவன்

இந்த எழுத்துகள் ஒரே அளவில் இல்லை. கோடு போட்ட தாளில்கூட வரிகள் கீழே சரிந்து போகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள். சூசை அண்ணையின் மகள் ஜெசிந்தா, "அங்கிள், நீங்கள் போனில சொல்லுங்கோ, நான் ரைப் பண்ணுறன்" என்று கேட்டார். நான் மாட்டேன் என்றேன். எழுபது வயது தாண்டிக் கற்ற எழுத்து இது. கற்றுத் தந்தவரைப் பற்றி எழுதும்போது இன்னொருவர் கையைக் கடன் வாங்க மனம் வரவில்லை. என் கையெழுத்தை அப்படியே படம் பிடித்து நினைவு மலரில் போடுவதாக ஜெசிந்தா சொல்லியிருக்கிறார். எழுதுவது எனக்கு இன்னும் கொண்டாட்டம்தான். இந்தக் கிழமை அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

செய்தி வந்தபோதும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. செவ்வாய்தோறும் ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு, நான் இருக்கும் டண்டினொங்கில் ரயில் ஏறி, பக்கத்து ஊரான நோபல் பார்க்கில் நடக்கும் தமிழ் முதியோர் கூட்டத்துக்குப் போவேன். அங்கே சூசை அண்ணை அதைப் பார்ப்பார். பிழையான எழுத்துக்குக் கீழே சின்ன வட்டம் போடுவார். சரியானதை எழுதித் தரமாட்டார். அன்று நான் கடைசி வரியில் நின்றேன். போன் அடித்தது. "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றார் ஜெசிந்தா. "ஓம் பிள்ளை" என்றேன். வேறு ஏதாவது சொன்னேனா என்று நினைவில்லை. போனை வைத்துவிட்டு அந்த வரியை முடித்தேன். முற்றுப்புள்ளியும் வைத்தேன். பிறகு தேத்தண்ணி ஊற்றினேன். மருமகள் வந்து, "என்ன மாமா, தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கு" என்றபோதுதான் அவரிடம் சொன்னேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

அவரைக் கொஞ்சமாகத் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சூசை அண்ணை மன்னார்க் கரையில் பிறந்து, சண்டைக் காலத்தில் டென்மார்க்குக்கு அகதியாகப் போனவர். அங்கிருந்து, இறால் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கிரீன்லாந்துக்குப் போனார். ஒரு குளிர்காலத்துக்கு என்று போனவர் பல குளிர்காலங்கள் இருந்துவிட்டார். மனைவி காலமான பிறகு மகளோடு இருக்க நோபல் பார்க் வந்தார். நானும் அதே கரைதான், ஆனால் அங்கே நாங்கள் சந்தித்ததில்லை. பள்ளிக்கூட வயதில் நான் வலை இழுத்தேன். மகன் கூப்பிட்டு இங்கே வந்தேன்.

முதல் நாள் முதியோர் கூட்டத்தில் யாரோ ஒரு பாட்டுத்தாளைத் தந்து எல்லோரையும் பாடச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவரிடம், "கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன், கொஞ்சம் வாசியுங்கோ" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணாடி உம்மட மூக்கில இருக்கு காணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறெதுவும் அவர் கேட்கவில்லை. பாட்டை மட்டும் என் காதுக்குள் ஒவ்வொரு வரியாக முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்படித்தான் சூசை அண்ணை எனக்கு அறிமுகம்.

அடுத்த செவ்வாய் பேரப்பிள்ளையின் தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஆடும் இலையும் படம் போட்டிருந்தது. "இது சின்னப் பிள்ளையளுக்கு. எனக்கு வேண்டாம்" என்று தள்ளிவிட்டேன்.

"அப்ப ஐயாவுக்கு என்ன வேணும்?"

"நீங்கள் எல்லாருக்கும் சொல்லுற அந்தக் குளிர் ஊர்."

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு தாள் வந்தது. பெரிய எழுத்தில், கிரீன்லாந்தைப் பற்றி ஒரு வசனம். எழுத்துகள் பிடிபட்டு, யாருடைய உதவியும் இல்லாமல் நான் வாசித்த முதல் வசனம் இதுதான்: "கிரீன்லாந்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையில் ரோட்டு இல்லை." வாசித்து முடித்தவுடன் மேசையில் அடித்தேன். தேநீர்க் கோப்பைகள் ஆடின. பிறகுதான் அதன் பொருள் உறைத்தது.

"ரோட்டு இல்லையெண்டால் எப்பிடிப் போறது?"

"அது அடுத்த கிழமை" என்றார்.

இதுதான் அவர் கெட்டித்தனம். எதைக் கேட்டாலும் அடுத்த கிழமை. ஏழு நாள் பொறுத்தேன். "வள்ளத்தில் போவார்கள், பிளேனில் போவார்கள், குளிர்காலத்தில் நாய்கள் இழுக்கும் வண்டியில் போவார்கள்" என்று தாள் வந்தது. அப்படியே ஒரு தீவு முழுவதையும் வாசித்தேன். நடுவில் எல்லாம் பனிக்கட்டி, சனம் இருப்பது கரையோரத்தில் மட்டும். இலங்கையைப் பல தடவை உள்ளே வைக்கலாம். ஆனால் மொத்தச் சனம் எங்கள் டண்டினொங் பக்கத்துச் சனத்தைவிடக் குறைவு. அவர் இருந்த ஊரின் பெயர் இலுலிசாத். அந்த மக்களின் பாஷையில் பனிமலைகள் என்று பொருளாம். அந்தப் பெயரை எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

ஒரு தாளில் சூரியன் வந்தது. அந்த ஊரில் குளிர்காலத்தில் பல கிழமைகள் சூரியன் எட்டிப் பார்ப்பதே இல்லை. அது திரும்பி வரும் நாளில் சின்னவர் பெரியவர் எல்லோரும் ஊர் விளிம்பில் உள்ள குன்றுக்குப் போய் நிற்பார்கள். சூசை அண்ணையும் தொழிற்சாலை உடுப்போடு போய் நின்றிருக்கிறார். சூரியன் கொஞ்ச நேரம் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். "அதுக்கே பாட்டுப் பாடுவினம், கைதட்டுவினம். நான் அழுதிட்டன் காணும். பக்கத்தில நிண்ட மனுசி தன்ர கையுறையைக் கழட்டி என்ர முகத்தைத் துடைச்சு விட்டது. கண்ணீர் உறைஞ்சால் தோல் போயிடுமாம்."

ஆட்சி பற்றிய தாள்கள் வந்த கிழமைகளில் இருவருமே சத்தம் குறைந்துபோனோம். அந்தத் தீவு டென்மார்க் அரசின் கீழ் இருந்தாலும் தனக்கென்று பாராளுமன்றம் வைத்திருக்கிறது. அதில் முப்பத்தொரு பேர். "எங்கட செவ்வாய்க் கூட்டத்தைவிடச் சின்னன்" என்பார் அண்ணை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மீன்பிடி எல்லாம் அவர்கள் கையில். அரச பாஷை அவர்களின் சொந்தப் பாஷை. இராணுவமும் வெளிநாட்டு விவகாரமும் டென்மார்க்கிடம். முழுதாகப் பிரிந்து போவதா என்பதை அந்தச் சனமே முடிவு செய்யலாம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதாம். வாசித்துவிட்டு நான் கேட்டேன்:

"சண்டை பிடிச்சோ இதெல்லாம் வாங்கினவை?"

"இல்லை. இருந்து கதைச்சு."

"கதைச்சோ?"

"ஓம். கனகாலம் கதைச்சவை. சண்டை இல்லாட்டிலும் கோபம் இருக்கு, கண்ணீர் இருக்கு. அது வேற தாள்."

எங்கள் ஊர்ச் சண்டையில் அவர் ஒரு தம்பியையும் நான் என் இன்னொரு மகனையும் பறிகொடுத்தது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று வேறெதுவும் வாசிக்கவில்லை.

ஒரு பெரிய நாடு கிரீன்லாந்தை வாங்க விரும்புகிறது என்று ரீவியில் போனபோது, கூட்டத்தில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன சூசை அண்ணை, உங்கட ஊர் விலைபோகுதாம்" என்று கேலி செய்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அங்க வீடு உன்ர எண்டு சொல்லலாம், வீட்டுக்குக் கீழ இருக்கிற நிலம் உன்ர எண்டு சொல்லேலாது. அங்க பிறந்தவனே ஒரு துண்டு நிலம் வாங்கேலாது. இருக்கலாம், பிறகு மற்றவைக்கு விடவேணும். இதை ஆர் ஆருக்கு விக்கிறது?" என்றார். நான் அவரிடம் கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு அதுதான்.

இனி அந்தப் பிறந்தநாளைச் சொல்லவேண்டும். உங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள்.

கிரீன்லாந்தில் கஃபெமிக் என்று ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாளோ, பிள்ளை முதன்முதல் பள்ளிக்கூடம் போகும் நாளோ, வீட்டுக் கதவைத் திறந்து வைப்பார்கள். வருகிறவர்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கோப்பி குடித்து, கேக் சாப்பிட்டு, வெளியே ஆள் வந்து நின்றால் எழும்பிப் போய்விடவேண்டும். சின்ன வீட்டில் ஊர் முழுவதும் வந்து போகலாம். எழும்புவதுதான் மரியாதை. தன் எழுபத்தைந்தாவது பிறந்தநாளை அப்படிச் செய்ய அண்ணைக்கு ஆசை. எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார்.

வந்தார்கள். இருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. இங்கே ஜூலை என்றால் குளிர்காலம், மழை வேறு. வாசலில் குடையோடும் கேக் பெட்டியோடும் ஆட்கள் நிற்க, உள்ளே இருந்தவர்கள் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கதிரையில் இன்னும் வசதியாகச் சாய்ந்தார்கள். அண்ணை கோப்பிக் கேத்தலோடு நடுவில் நின்று, "அங்க எண்டால் கோப்பி குடிச்சவுடன எழும்பீடுவினம்" என்று பொதுவாகச் சொன்னார்.

எங்கள் முதியோர் கூட்டத்துச் செபமாலை அக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப எங்களைப் போகச் சொல்லுறியளோ?"

"ஐயோ அக்கா, அப்பிடியில்லை."

"எனக்கு விளங்குது, சூசை. நான் போறன்." ஆனால் போகவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபடி அங்கேயே இருந்தார்.

பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்ப் பெண் வித்யாவிடம் அண்ணை மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "அங்கிள், நான் வந்து அரை மணி நேரம்கூட ஆகல. இப்பவே கிளம்பினா ஜெசிந்தாக்கா தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?" என்றார் அவர்.

அண்ணை என்னிடம் குனிந்தார். "நீர் எழும்பும். ஒரு ஆள் எழும்பினால் காணும்."

எழும்பினேன். உடனே நாலு பக்கமிருந்தும் கைகள். "என்ன மனுவேல் அண்ணை, கோவமோ?" "ஆர் என்ன சொன்னது?" "இருங்கோ, இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை." தோளைப் பிடித்து இருத்தி, மடியில் இன்னொரு தட்டை வைத்தார்கள். அதையும் சாப்பிட்டேன்.

எல்லோரும் ஒருவழியாகப் போனபிறகு, குசினியில் கோப்பை கழுவிக்கொண்டே அண்ணை சொன்னார்: "இலுலிசாத்தில ஐஸ்மலையே நகரும். எங்கட சனம் நகராது." இருவரும் சிரித்துச் சிரித்துக் கோப்பை ஒன்றை உடைத்துவிட்டோம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் எல்லாரும் இந்த வீட்டுக்கு வருவினம். அண்டைக்கு நான் கேத்தலோட நிக்கமாட்டன். நீர்தான் முதல் எழும்ப வேணும்" என்றார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ அண்ணை."

"ஓமெண்டு சொல்லும்."

"ஓம்" என்றேன்.

அந்த நாள் வந்தது. அடக்கத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அவர் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. பனியில் கம்பளித் தொப்பியோடு நிற்கும் படம். அதற்குக் கிட்டவாக இருந்த கதிரையை ஜெசிந்தா எனக்குக் காட்டினார். இருந்தேன். அந்தக் கதிரை எனக்கு வேண்டும். அன்று முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கோப்பி தந்தார்கள். குடித்தேன். அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே காரடியில் ஆட்கள் குளிரில் நின்றார்கள். வயதான புருசனும் பெண்சாதியும் மூடிய சட்டி ஒன்றை மாறி மாறிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒருவரும் அசையவில்லை. செத்த வீட்டில் முதலில் எழும்ப யாருக்கு மனம் வரும்? நான் கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் என்று நினைத்தேன்.

பிறகு எழும்பினேன்.

"என்ன மனுவேல், அதுக்குள்ளயோ?" என்றார் செபமாலை அக்கா. "நீயே போனால் மற்றவை என்ன நினைப்பினம்?"

"அண்ணைக்குச் சொன்னனான், அக்கா. கோப்பி குடிச்சால் எழும்புறதெண்டு."

இம்முறை ஒரு கையும் என்னைப் பிடிக்கவில்லை. படத்தை ஒருமுறை பார்த்தேன். செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போகும் வழக்கம் இல்லை, அதனால் சொல்லவில்லை. வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டேன். கயிற்றைக் கட்டாமலே வெளியே போய், அந்த வயதானவர்களிடம், "உள்ளுக்குப் போங்கோ, கதிரை இருக்கு" என்றேன். படலையடிக்கு வந்தபோது பின்னால் செபமாலை அக்காவின் குரல் கேட்டது. "பொறு மனுவேல், ரயிலடிவரைக்கும் நானும் வாறன். என்ர சப்பாத்து எங்க?" அவருக்குப் பின்னால் வித்யா. அவருக்குப் பின்னால் இன்னும் இருவர்.

அன்று இருட்டும்வரை வீட்டுக் கதவு மூடப்படவில்லை என்றும், ஒருவரும் வெளியே நிற்கவில்லை என்றும் ஜெசிந்தா பிறகு சொன்னார். "அப்பாவின்ர கஃபெமிக் கடைசியில நடந்திட்டு அங்கிள்" என்றார். நான் "ஓம் பிள்ளை" என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை: எழுத்துகள் முழுவதும், நான் பார்க்காத ஒரு தீவு, வட்டம் போடப்படாத அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கம், நேரம் வந்தால் எழும்பும் பழக்கம். இந்தப் பக்கத்திலும் பிழைகள் இருக்கும். கண்டவர்கள் சின்ன வட்டம் போட்டு வையுங்கள். சரியானதை நானே தேடிக்கொள்கிறேன்.

மலரில் எழுத வேறு ஆட்களும் காத்திருக்கிறார்கள். நான் எழும்புகிறேன். அண்ணை, "அது வேற தாள்" என்று நீங்கள் ஒதுக்கிவைத்த கோபமும் கண்ணீரும் இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை. அதை நானே நூலகத்தில் தேடி வாசித்து, என் கையால் எழுதப் போகிறேன்.

அது அடுத்த கிழமை.