குணலட்சுமியின் மொட்டைக் கிடாய்

உங்கள் வேலியில் எத்தனை சீமைக்கிளுவை நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் குணலட்சுமியைக் கேளுங்கள். வேலியாக நட்ட கதியால்களில் எது தளிர்த்திருக்கிறது, எது பூத்துவிட்டது, எதைப் போன கிழமை வெட்டி வீட்டு வளவு மூலையில் போட்டு எரித்தீர்கள் என்பதுவரை சொல்லுவார். அதுவும் சைக்கிளை நிறுத்தாமல். சைக்கிளில் நீட்டிக் கட்டிய, கிளையை வளைத்து இழுக்கும் கொக்கத்தடி இரண்டு முழம் முன்னால் துருத்திக்கொண்டு வரும். குறுகிய ஒழுங்கையில் எதிரே வருகிறவர் ஆசிரியரானாலும் அர்ச்சகரானாலும் வேலியோடு ஒட்டி நின்றே ஆகவேண்டும்.

உடுப்பிட்டிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். குணலட்சுமிக்கு வயது ஐம்பத்துநான்கு. பத்து மறி, ஒரு கிடாய், ஆகப் பதினொரு செம்மறி. வைகாசி பிறந்தால் மேய்ச்சல் தரவைப் புல் தும்பாகிவிடும். அதைத் தின்றால் வயிறு நிறையும், மடியில் பால் இறங்காது. அதற்குத்தான் குழை, வேலிக் கிளுவையில் ஒடிக்கும் இலையும் தழையும்.

"புல்லு சோறு, குழை கறி. கறியை மட்டும் திண்டு ஆர் சீவிக்கிறது?" என்பார். மூன்று பங்கு தீனில் ஒரு பங்குதான் குழை. பச்சையாகப் போட்டால் அந்த மணத்துக்கு ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அரை நாள் நிழலில் தொங்கவிட்டு வாட்டவேண்டும். வாடியது போதுமா என்று பார்க்க, இலை நுனியைத் தானே கடித்துத் துப்புவார். வீட்டுக் கறிக்கு உப்புப் பார்ப்பதைவிட அதில் கவனம் அதிகம் என்பது கணவர் பஞ்சலிங்கத்தின் நெடுநாள் முறைப்பாடு.

போன வருடக் கோடையில் இரண்டு குட்டிகள் செத்தன. தாய்களின் மடி வற்றிப்போயிருந்தது. இந்த வருடம் மூன்று மறிகள் சினை. கைக்கெட்டும் தூரத்தில் பச்சையாக நின்றது வைரவர் கோயில் ஒழுங்கை வேலி ஒன்றுதான். வரிசையாக நாற்பது சீமைக்கிளுவை. அதை நம்பித்தான் குணலட்சுமி இருந்தார்.

சித்திரையில் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மூன்று கிழமை வவுனியாவுக்குப் போனார். ஆடுகள் பஞ்சலிங்கத்தின் பொறுப்பு. கோயில் ஒழுங்கை கள்ளுக்கொட்டிலுக்குப் போகிற வழி. ஆகையால் மறிகளுக்கு ஒரு நாளும் குழை தவறவில்லை. கிடாயின் பாடு வேறு. ஊர் அதிகாரியைப் போல எல்லா வளவுக்குள்ளும் நுழையும், ஒரு வேலையும் செய்யாது என்பதால் அதற்கு 'விதானையார்' என்று பெயர். இடிக்கிற சுபாவம், பின்வளவில் இப்பிலிப்பில் மரத்தின்கீழ் தனியே கட்டியிருக்கும். கிட்டப் போகப் பயந்த பஞ்சலிங்கம், தூர நின்று அந்த மரத்தின் கிளைகளையே முறித்து எறிந்தார். மூன்று கிழமையும் அதுதான் சோறு, அதுதான் கறி.

குணலட்சுமி திரும்பி வந்தபோது விதானையாரின் முதுகு அவித்து உரித்த பனங்கிழங்கு போல் இருந்தது.

"இஞ்சருங்கோ, உவருக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"மரம் கிட்ட நிண்டது. அவரும் ஆசையாத் திண்டவர். நானேன் அலையவேணும்?"

"இப்பிலிப்பிலை அளவுக்கு மிஞ்சிக் குடுத்தா மயிர் கொட்டுமெண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

விசயம் அங்கேயே முடிந்திருக்கவேண்டும். ஆனால் கோயில் தலைவர் கனகரத்தினம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார். "வைரவற்ரை மரத்திலை கைவைச்சா சும்மா விடுவாரோ?" ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம்: இனிக் கோயில் வேலியில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கக்கூடாது. வெட்டும் குழையை வழக்கம்போல எரிப்பது. பின்னேரங்களில் அதே வேலியை மேய்கிற பசுவைப் பற்றித் தீர்மானம் எதுவுமில்லை. அது தலைவரின் தம்பியின் பசு.

இரண்டு குட்டி செத்தபோது ஒரு கூட்டமும் கூடவில்லை. ஒரு கிடாய்க்கு மயிர் கொட்டியதும் ஒன்பது பேர் கூடிவிட்டார்கள். காரணம் தேடச் சோம்பல்படும் இடத்தில்தானே நாம் கடவுளுக்கு வேலை கொடுக்கிறோம்!

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சனம் வெளியே வர, கோயில் வாசலுக்கு எதிரே ஒழுங்கையில் விதானையாரைப் பிடித்துக்கொண்டு குணலட்சுமி நின்றார்.

"கனகரத்தினம் அண்ணை, என்ரை மறியள் பத்தும் உங்கடை குழைதான் திண்டது. ஒண்டுக்கும் ஒரு மயிர் கொட்டேல்லை. உவர் ஒருத்தர்தான் அதை வாயிலை வையாதவர். அப்ப வைரவர் திண்டவையை விட்டிட்டு, திண்ணாதவரையோ உரிச்சவர்?"

"சாமி விசயத்திலை உப்பிடிக் கேள்வி கேக்கக்கூடாது, பிள்ளை."

"சரி, கேக்கேல்லை. ஒரு மாதம் தாங்கோ. இப்பிலிப்பிலை நிப்பாட்டிப்போட்டு உவருக்கும் இந்த வேலிக் குழையைக் குடுக்கிறன். மயிர் முளைச்சா வேலியை எனக்கு விடுங்கோ. முளையாட்டி, இதே வாசலிலை நானும் மொட்டை அடிக்கிறன்."

"கிடாயும் மொட்டை, ஆளும் மொட்டை, தலைவரும்..." என்று தொடங்கிய ஒருவர், கனகரத்தினத்தின் தலையில் வாசல் விளக்கு பளபளப்பதைக் கண்டு இருமிச் சமாளித்தார். தலைவர் ஓமென்றார். மொட்டை பார்க்கும் ஆசையில்தான் ஓமென்றார் என்று குணலட்சுமி இன்றைக்கும் சொல்லுவார்.

அதன்பிறகு கனகரத்தினம் நாள் தவறாமல் வந்தார். ஒரு நாள் தேங்காய் விலை கேட்க, ஒரு நாள் பஞ்சலிங்கத்திடம் மண்வெட்டி இரவல் வாங்க. கண் மட்டும் பின்வளவில். பத்தொன்பதாம் நாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அதற்குள் மூன்று சினை மறிகளில் ஒன்று குட்டி ஈன்றிருந்தது. கனத்த மடியை முட்டி முட்டிக் குட்டி பால் குடித்தது.

முப்பதாம் நாள், பஞ்சலிங்கம் கயிற்றை இழுத்துப் பிடிக்க, தலைவர் குந்தியிருந்து விதானையாரின் முதுகைத் தடவினார். முதல் மழைக்குப் பிறகு முளைக்கும் புல் போல மயிர் உள்ளங்கையில் குத்தியது. அவரையறியாமல் மற்றக் கை மெல்ல எழுந்து தன் தலையைத் தடவியது.

குழை கட்டிக்கொண்டிருந்த குணலட்சுமி திரும்பினார். "அண்ணைக்கும் ஒரு பிடி தரட்டோ? அரை நாள் வாட்டிப்போட்டுத்தான் தின்னவேணும்."

வேலி இப்போது குணலட்சுமிக்கு. ஆனால் நாற்பது மரம் புரட்டாதிவரை போதாது. இன்னும் இரண்டு மறி ஈனவிருக்கிறது. ஆகவே அடுத்த முறை கதியால் வெட்டும்போது நெருப்புப்பெட்டியைத் தேடாதீர்கள். குழையை வாசல் படலைக்கு வெளியே போட்டுவிடுங்கள். சைக்கிள் மணி கேட்டால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். கொக்கத்தடி முன்னால் வரும்.